மடித்தே இருந்த முசல்லா

19 நவம்பர் 2024, செவ்வாய்

இன்று உம்மாவிடம் கேட்காமல் விட்டது: ஏன் தொழவில்லை?

மாலைத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. உம்மா அடுக்களையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அவள் தொழும் விரிப்பு, அந்தப் பச்சை முசல்லா, அலமாரியின் மேல் மடித்தபடியே இருந்தது. மதியமும் அப்படித்தான் இருந்தது. நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், இதெல்லாம் என் கண்ணில் படாது என்று நினைத்திருப்பாள்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஆண்கள் கடல் கடந்து போய்விட, பெண்களே புழங்கும் வீடு. ஒருத்தியின் முசல்லா விரியவில்லை என்றால், அவளுக்கு மாதத்தீட்டு நாட்கள் என்று மற்றவர்களுக்குப் புரியும். புரிந்ததைக் கேட்பது மரியாதையில்லை. ‘எனக்குத் தொழுகை இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்வதே அதிகம்.

ஆனால் உம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின வருஷமே அவளுக்கு எல்லாம் நின்றுவிட்டது. இந்த ரமலானில் ஒரு நோன்பும் விடாமல் பிடித்தாள். “இனி எனக்கு லீவே கிடையாதுளா, மௌத்து வரைக்கும் டியூட்டிதான்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது.

தலைவலியாக இருக்குமோ? தலைவலிக்குத் தொழுகையை விடுகிற ஆளா அவள்?

கேட்கவில்லை.


22 நவம்பர், வெள்ளி

முசல்லா இன்று விரிந்தது.

வேலைக்கு இன்று வந்த கட்டுரை நன்றாக இருந்தது. (வெளிநாட்டு டாக்டர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் பிழைப்பு. கம்பெனி சென்னையில், நான் இங்கே காயல்பட்டினத்தில். உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் காற்புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது சாச்சியின் கேலி.) ஆறு மாதமாக எனக்கு வருவதெல்லாம் மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றியவை. இத்தனை காலம் யாரும் அக்கறை காட்டாத விஷயத்தில் இப்போதுதான் வேகம் பிடித்திருக்கிறது போல. எலும்பு, தூக்கம், மறதி, இதயம்.

இன்றையது உடம்புக் கொதிப்பு பற்றி. உடலின் சூட்டைச் சமன்செய்யும் இடத்தருகே மூளையில் சில நரம்பணுக்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவற்றுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. பெண்கள் ‘குப்புன்னு ஏறுது’ என்று சொல்வது அதைத்தான். ஹார்மோனே இல்லாமல் அந்த அணுக்களை மட்டும் அமர்த்துகிற மாத்திரை வெளிநாடுகளில் வந்துவிட்டதாம்.

உம்மா ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள். கேட்டால் கறிவேப்பிலை தேடுகிறேன் என்பாள். இரண்டு வருஷமாகத் தேடுகிறாள்.

நான் படிக்கிற எதையும் அவளிடம் சொன்னதில்லை. ஏன்? வேலை வேறு, உம்மா வேறு என்று ஒரு சுவர் எனக்குள் தானாக எழும்பியிருக்கிறது.


24 நவம்பர், ஞாயிறு

உம்மாவின் தங்கை, என் சாச்சி, முடுக்கு வழியாக வந்தாள். எங்கள் தெருக்களில் வீடுகளின் பின்னால் பெண்கள் போய்வர ஒடுக்கமான சந்து உண்டு. சாச்சி அதில் வந்தால் செய்தியோடுதான் வருவாள்.

“ஏளா ரிஃப்கா, ஒங்க உம்மாக்கு வயசு திரும்புதுளா. அடுத்த வருஷம் ஒனக்குத் தம்பி பொறந்தாலும் பொறக்கும்!”

“வாய மூடு ஷைத்தானே,” என்றாள் உம்மா. ஆனால் சிரித்தாள்.

“நான் என்ன சும்மாவா சொல்லுதேன்? எல்லாம் நான் குடுத்த கருஞ்சீரகமும் தேனும். உளுந்தங்களி வேற. குல்சும் லாத்தா, ஒனக்கு இடுப்பு மட்டும் இல்ல, எல்லாம் பலமாயிட்டு.”

கேலிக்கு நடுவே விஷயம் வந்தது. செப்டம்பரில் ஒருமுறை, இப்போது இரண்டாம் முறை. உம்மா ஆலிமாவிடமும் கேட்டிருக்கிறாள். ஆமிரா ஆலிமா எங்கள் தெருப் பெண்களுக்கு மார்க்கப் பாடம் நடத்துகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். நின்று இரண்டு வருஷம் கழித்து வந்தால் தொழலாமா கூடாதா என்று கேட்டாளாம். அதற்கு வயது வரம்பு கிடையாது, வழக்கமான நாட்களுக்குள் நின்றுவிட்டால் மாதத்தீட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள், தொழ வேண்டாம் என்றாராம்.

சரியான பதில்தான். கேட்டது தொழுகையைப் பற்றி. ரத்தத்தைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

மாதவிடாய் நின்று முழுதாக ஒரு வருஷம் கழிந்தபின் வரும் ரத்தம், ஒரு சொட்டானாலும், டாக்டரிடம் காட்டப்பட வேண்டும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அது பயப்பட ஒன்றுமில்லாததாக இருக்கும். பத்தாமவளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. எத்தனை கட்டுரைகளில் இந்த வாக்கியத்தைக் கடந்து போயிருக்கிறேன்! எப்போதும் முதல் பத்தியில் வரும், எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்ற தோரணையில். போன மாதம் அதில் ஒரு காற்புள்ளிகூடச் சேர்த்தேன்.

எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் அடுக்களையில் இருந்த மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவளும் சிரித்துவைத்தாள்.


25 நவம்பர், திங்கள்

ஏன் நேற்றே சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் கொடியில் காய்கிறது: வெள்ளை அபாயா, தலையை மூடும் வெள்ளை மக்கன்னா. மக்காவுக்குப் போகும் உம்ராப் பயணத்துக்காகத் தைத்தது.

வாப்பா சவூதியில், தம்மாமில் இருபத்தொன்பது வருஷமாக இருக்கிறார். அங்கிருந்து மக்காவுக்கு எத்தனையோ முறை போய் வந்திருக்கிறார். உம்மா ஒருமுறையும் போனதில்லை. ஒரு வருஷம் எனக்குப் பரீட்சை, ஒரு வருஷம் கொரோனா, போன வருஷம் வெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். ஜனவரி 12 அன்று ஊரிலிருந்து ஒரு குழு கிளம்புகிறது. உம்மாவும் சாச்சியும் அதில் போகிறார்கள், வாப்பா தம்மாமிலிருந்து அங்கே வந்து சேர்ந்துகொள்வார். கஃபாவைச் சுற்றும்போது யார் கையை யார் பிடித்துக்கொள்வது என்பதுவரை போனில் பேசி முடித்தாயிற்று.

பத்தில் ஒன்பது. அந்த ஒன்பதில் அவள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

இது படித்தவள் நினைக்கிற நினைப்பா?


3 டிசம்பர், செவ்வாய்

கேட்டுவிட்டேன், ஒருவிதமாக.

“உம்மா, பயணத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர்ட்ட காட்டிட்டு வருவமா? சும்மா, பொதுவா.”

“என்னத்துக்கு? சுகர் பாத்தாச்சு, பிரஷர் பாத்தாச்சு. ஊசியும் போட்டாச்சு.”

“இல்ல... சாச்சி சொன்னாள்ல...”

உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன். “ஐம்பத்து நாலு வயசுல மகளக் கூட்டிக்கிட்டு அதுக்குப் போய் காலை விரிச்சுப் படுக்கச் சொல்லுதியா?”

பேச்சு அதோடு முடிந்தது. ‘சும்மா, பொதுவா’ என்று ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும்.


13 டிசம்பர், வெள்ளி

மழை. தெருவில் கெண்டைக்கால் அளவு தண்ணீர். போன வருஷத்துப் பயத்தில் எல்லோரும் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டார்கள். உம்மா முதலில் ஏற்றியது உம்ராப் பெட்டியை.


17 டிசம்பர், செவ்வாய்

மழை வெறித்தபின் தைலம் வாங்க மெயின்ரோட்டு மெடிக்கலுக்குப் போனேன். கடைக்கார ஆறுமுகநயினார் அண்ணாச்சிக்குத் தெரு முழுக்க யாருக்கு என்ன நோய் என்று தெரியும்.

“உம்ராவுக்கு நீங்களும் போறியளாம்மா? மாத்திரை ஒத்துக்கிட்டுதா?”

“என்ன மாத்திரை அண்ணாச்சி?”

“அதாம்மா, நாளத் தள்ளிப் போடுத மாத்திரை. ஒங்க சாச்சி வாங்கிட்டுப் போனாவளே. யாருக்குன்னு கேட்டேன், ரிஃப்காவுக்குன்னாவ.”

ஹஜ், உம்ரா போகிற இளம்பெண்கள் எல்லோரும் அந்த மாத்திரை சாப்பிடுவது வழக்கம்தான். பயண நாட்களில் தீட்டு வந்துவிட்டால் கஃபாவைச் சுற்ற முடியாது. அத்தனை தூரம் போய் ஓட்டல் அறையில் உட்கார வேண்டிவரும். எங்கள் ஊரில் அதற்கு ‘உம்ரா மாத்திரை’ என்றே பேர்.

“ஒத்துக்கிட்டுது அண்ணாச்சி,” என்றேன்.

தைலம் வாங்க மறந்து திரும்பினேன். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அது ரத்தத்தைப் பிடித்து நிறுத்தும் மாத்திரை. உம்மாவின் உடம்பு அவளிடம் எதையோ சொல்லப் பார்க்கிறது, அதன் வாயைப் பொத்தியிருக்கிறார்கள். இப்போது கேட்டால் ‘நின்னுட்டுளா, ஒண்ணும் இல்ல’ என்பாள். அவளும் அதை நம்புவாள்.


18 டிசம்பர், புதன்

சொன்னேன். நேராக, முழுதாக. அடுக்களையில் வாடா என்ற அரிசிமாப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“உம்மா, நின்னதுக்கப்புறம் வாரது மாசத்தீட்டு இல்ல. அது என்னன்னு பாக்கணும். புத்துநோயா இருந்தாலும் இருக்கும்.”

வாடாவைத் திருப்பிப் போட்டாள்.

“இருந்தா?”

“இருந்தா சீக்கிரம் பாத்தா குணமாயிரும் உம்மா. ஆரம்பத்துல கண்டுபிடிச்சுக் கர்ப்பப்பையை எடுத்துட்டா முக்காவாசிப் பேருக்கு அதோட முடிஞ்சுரும். நாளைக்கே போவோம், உம்ராவுக்கு இன்னும் நாள் இருக்கு...”

“நாளைக்குப் போயி டாக்டர் ஒண்ணு சொன்னா, பொறவு நான் எப்படி உம்ராவுக்குப் போவேன்?”

அவளும் யோசித்திருக்கிறாள்! எனக்குத் தெரிந்த வாக்கியம் அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்தேன். வாக்கியம் தெரியாது, பயம் தெரிந்திருக்கிறது. ஆலிமாவிடம் தொழுகையை மட்டும் கேட்டது மறதியால் அல்ல.

“சுத்தி முடிச்சிட்டு வந்து காட்டுறேன். வந்ததும். அல்லாஹ் மேல ஆணை.”

“மாத்திரை வேற சாப்பிடுறீங்களே...”

“அதுவும் கண்டுபிடிச்சிட்டியா?” கரண்டியை வைத்துவிட்டாள். “இங்க பாரு ரிஃப்கா. இருபத்தொம்பது வருஷம் போன்லயே குடும்பம் நடத்திட்டேன். ஒரே ஒரு தடவ அந்த மனுஷன் பக்கத்துல நின்னு அல்லாஹ்வோட வீட்டப் பாத்துக்கிடுதேன். அதுக்குப் பொறவு என்ன எங்க வேணாலும் கூட்டிக்கிட்டுப் போ. வாப்பாகிட்ட மூச்சு விட்டிறாத.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. சூடான வாடா ஒன்றை என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.


19 டிசம்பர், வியாழன்

ஒரு மாதம் தாமதித்தால் என்ன ஆகும்? உள்ளதைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். இதில் பெரும்பாலானவை மெதுவாக வளர்கிறவை. எல்லாம் அல்ல. எது எந்த வகை என்று எடுத்துப் பார்க்காமல் தெரியாது. செப்டம்பரிலிருந்து ஏற்கெனவே மூன்று மாதம் போய்விட்டது. போய்வந்ததும் ரமலான் வரும். ‘நோன்பு முடியட்டும்’ என்பாள். பிறகு பெருநாள். பிறகு யாருக்காவது கல்யாணம்.

என் உம்மாவை எனக்குத் தெரியும்.


20 டிசம்பர், வெள்ளி

வாப்பாவுக்கு இன்று விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்கு வந்திருப்பார் என்று கணக்குப் பண்ணி மொட்டை மாடிக்குப் போய் அழைத்தேன்.

இப்படி ஒரு விஷயத்தை நான் வாப்பாவிடம் பேசியதில்லை. நான் பெரியவளானதையே அவருக்கு யார், எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

“வாப்பா, உம்மாவுக்கு ரத்தம் போகுது.”

“யா அல்லாஹ். எங்கருந்து? விழுந்துட்டாளா?”

எங்கிருந்து என்று நான் சொன்னேன். எந்த மறைப்பும் இல்லாமல், தமிழில். சொல்லி முடித்தபோது என் காது சுட்டது.

“எத்தன நாளா?” என்றார்.

சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன்.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுளா,” என்றார். “அவளுக்கு நின்னதே எனக்குத் தெரியாது.”

அதைச் சொன்ன குரல் என் வாப்பாவுடையது போலவே இல்லை.

மாலையில் அவர் உம்மாவை அழைத்தார். பக்கத்து அறையிலிருந்து உம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. “யார் சொன்னா? ... அவ கெடக்கா. ... நீங்க சும்மா இரிங்க. ... என்னத்துக்கு இப்ப லீவு போடணும்? ... ஜக்கரிய்யா!” வாப்பாவை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டு இன்றுதான் கேட்டேன். பிறகு மூக்குறிஞ்சும் சத்தம்.


21 டிசம்பர், சனி

உம்மா என்னிடம் பேசவில்லை.


22 டிசம்பர், ஞாயிறு

பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், தட்டை வைக்கும் சத்தத்தில் எல்லாம் சொல்லிவிடுகிறாள். சாச்சி வந்து என்னைத் திட்டினாள். “பெத்த வாப்பாகிட்ட பேசுத பேச்சாளா அது? ஒன்னப் பொண்ணு பாக்க வாரவங்க கேட்டா என்ன சொல்லுவாங்க?” கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்த குரலில், “அந்த மாத்திரையை நிப்பாட்டிறச் சொல்லவா?” என்றாள்.

டாக்டர் சொல்வார் என்றேன்.


24 டிசம்பர், செவ்வாய்

இரவு படுக்கும்போது, சுவரைப் பார்த்தபடி: “வியாழக்கிழமை போவோம்னு ஒங்க வாப்பாட்ட சொல்லிட்டேன். ஒனக்காக இல்ல.”

“சரி உம்மா.”

“கஃபா எங்கயும் போயிறாது குல்சும், அங்கனதான் இருக்கும்னு சொல்லுதார். அவருக்கு என்ன, நூறு தடவ பாத்தாச்சு.”

அவள் சிரிக்கிறாளா என்று இருட்டில் தெரியவில்லை.


26 டிசம்பர், வியாழன்

தூத்துக்குடி. ஆத்தூர் தாண்டியதும் இரு பக்கமும் தண்ணீர். உப்பளங்கள் குளமாகக் கிடந்தன, மேட்டில் மட்டும் தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்கள். உம்மா வழி முழுக்க வாய்க்குள் ஸலவாத்து ஓதியபடியே வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை, பையைப் பிடித்திருந்தாள்.

டாக்டர் பிளாரன்ஸுக்கு அறுபது வயதிருக்கும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா?”

“உம்ராவுக்கு,” என்றாள் உம்மா, தரையைப் பார்த்து.

டாக்டர் சிரித்துவிட்டார். “குலசை தசராவுக்கு மாலை போடுறவங்களும் இதத்தான் வாங்கிச் சாப்பிடுறாங்க. சாமி வேறன்னாலும் மாத்திரை ஒண்ணுதான். ஆனா நீங்க நின்னு ரெண்டு வருஷம் ஆனவங்க. ஒங்களுக்கு இது ஆகாது. இன்னையோட நிப்பாட்டிருங்க.”

உம்மாவும் லேசாகச் சிரித்தாள். அறைக்குள் போகும்போது திரும்பி என்னைப் பார்த்து, “நீ வராத,” என்றாள். பிறகு, “வாசல்ல நில்லு,” என்றாள்.

ஸ்கேனில் உள்சுவரின் தடிமன் கொஞ்சம்தான் கூடுதல். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் இருந்தது. அந்த அளவை மட்டும் நம்பி விட்டதில் சில பெண்களுக்கு நோய் தவறிப்போயிருக்கிறது என்று இந்த வருஷம் வந்த ஒரு ஆய்வைப் படித்திருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது என்று நான் வாய் திறப்பதற்குள் டாக்டரே சொன்னார்: “அளவ விடுங்க. ரெண்டு தடவ வந்திருக்கு. எடுத்துப் பாத்திருவோம்.”

சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பும்போது பழையகாயல் அருகே உம்மா என் கையைப் பிடித்தாள். “வலிச்சிதுளா,” என்றாள். அவ்வளவுதான்.


4 ஜனவரி 2025, சனி

வாப்பா வந்துவிட்டார். ஒரு பெட்டிதான். எப்போதும் நான்கு கொண்டுவருவார்.

எங்கள் ஊர் வழக்கப்படி இது உம்மாவின் வீடு. மாப்பிள்ளையாக வந்தவர் வாப்பா, வந்த வேகத்தில் வெளிநாடு போனவர். ஒவ்வொரு முறையும் விருந்தாளி போலவே இருந்துவிட்டுப் போவார். இன்று அடுக்களை வரை வந்து, சர்க்கரை டப்பா எது என்று யாரிடமும் கேட்காமல், தானே தேத்தண்ணீர் போட்டு உம்மாவிடம் கொடுத்தார்.

“உப்பு போட்டுட்டிய,” என்றாள் உம்மா. முழுதும் குடித்தாள்.


7 ஜனவரி, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று. ஆரம்ப நிலை, மெதுவாக வளரும் வகை.

டாக்டர் பிளாரன்ஸ் நிதானமாகச் சொன்னார். பையையும் முட்டைப்பைகளையும் எடுக்க வேண்டும், திருநெல்வேலிக்கு எழுதித் தருகிறேன், இந்த மாதமே செய்துவிடலாம். வாப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் குறிப்பெடுப்பதுபோல் எதையோ கிறுக்கினேன்.

உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

“அப்ப அது மாசத்தீட்டே இல்லயா? அந்த நாளெல்லாம் நான் தொழுதிருக்கணுமாளா?”

இந்தக் கேள்வி நான் திருத்திய எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை.


8 ஜனவரி, புதன்

உம்மா சொல்லி அனுப்பி ஆமிரா ஆலிமா வந்தார். கட்டிலில் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அறிஞ்சபடி நடந்தீங்க, ஒங்க மேல குத்தம் இல்ல பெரியம்மா. அந்தத் தொழுகைக்கு அல்லாஹ் என்னைக் கேக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எங்கிட்ட வந்தப்ப டாக்டர்ட்ட போனீங்களான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். கேக்கல.”

நான் அவரைக் குறைசொல்லத் தயாராக இருந்தேன். என்னிடமும் அந்த ஒரு வார்த்தை நவம்பரிலேயே இருந்தது.


12 ஜனவரி, ஞாயிறு

குழு கிளம்பியது. வேன் எங்கள் தெரு முனையில்தான் நின்றது. சாச்சி வெள்ளை உடுத்தி வந்து உம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். “நீ இல்லாம நான் எப்படி லாத்தா...”

“போளா. அங்க போயி எனக்குத் துஆ கேளு. தொலஞ்சு போயிறாத, ஒனக்கு வழியே தெரியாது.”

வேன் போனபின் உம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். உம்ராப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளை அபாயாவை எடுத்து உதறி, மறுபடி மடித்து, அலமாரியில் வைத்தாள். வாப்பா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாத ஆள்போல நின்றார். பிறகு உள்ளே போனார்.

நான் என் அறைக்கு வந்துவிட்டேன்.


22 ஜனவரி, புதன்

ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும், “அஸர் நேரம் போயிட்டா?” என்றாளாம்.


3 பிப்ரவரி, திங்கள்

முழு ரிப்போர்ட். உள்சுவரைத் தாண்டிப் போகவில்லை. வேறு சிகிச்சை வேண்டியதில்லை, சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

வாப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் வாளியைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார்.


9 மார்ச், ஞாயிறு

ரமலான். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் உம்மா பகலில் கஞ்சி குடிக்கிறாள், குற்றவாளி போல, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தொழுகை நாற்காலியில். ஒன்றையும் விடுவதில்லை.

நான் இப்போது அவளிடம் சொல்கிறேன், படிப்பதை எல்லாம். அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே. எலும்பு தேய்வது பற்றிச் சொன்னால் நெத்திலி அதிகம் வாங்குகிறாள். மறதி பற்றிய ஆய்வைச் சொன்னபோது, “அத நேத்தே சொல்லிட்டியே,” என்றாள். நேற்று நான் சொல்லவேயில்லை. இருவரும் சிரித்தோம். கொதிப்பு நரம்புகளைப் பற்றி மட்டும் நம்பவில்லை. “தலைக்குள்ள இருந்தா ஏறுது? அடிவயித்துல இருந்துல்லா ஏறுது!”

ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்பது தொடர்கிறது. இப்போது கறிவேப்பிலை என்று சொல்வதில்லை.


14 நவம்பர், வெள்ளி

இந்த வாரம் வேலைக்கு வந்த கட்டுரைகளோடு ஒரு செய்தியும் வந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோன் மருந்துகளின் அட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்துவந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை அமெரிக்காவில் எடுக்கப்போகிறார்களாம். அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் தேவையான மருந்தைத் தொடாமலே இருந்துவிட்டார்கள் என்கிறார்கள் ஒரு சாரார். அவசரப்படுகிறீர்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள்: ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுப்பதில் கர்ப்பப்பைக்குள் புற்று வரும் ஆபத்து. அந்த வரியில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஆமிரா ஆலிமாவின் பாடத்துக்கு உம்மா போய்வந்தாள். நின்றபின் மறுபடி வந்தால் தொழலாமா என்று இன்று ஒருத்தி கேட்டாளாம். “முதல்ல தூத்துக்குடிக்கு பஸ் ஏறுங்க, தொழுகையை வந்து கேளுங்க,” என்றாராம் ஆலிமா. கேட்டவளை யாருக்கும் தெரியாமல் முடுக்கு வழியாகக் கூட்டிப்போய் டாக்டர் பிளாரன்ஸின் நம்பரைக் கொடுத்தது உம்மா.

வாப்பா தம்மாமை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கரை டப்பா எது என்று இப்போது தெரியும். இரண்டு பேரும் செப்டம்பரில் உம்ரா போய்வந்தார்கள். கஃபாவை முதலில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று உம்மாவிடம் கேட்டேன். “கூட்டம்,” என்றாள். “ஒங்க வாப்பா கைய விடவே இல்ல.”

இன்று அஸருக்கு உம்மா பச்சை முசல்லாவை விரித்தாள். பக்கத்தில் என்னுடையது மடித்தே இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏளா, ஒனக்குத் தொழுகை இல்லையா?”

“இல்ல உம்மா.”

“எத்தன நாளா?”

“மூணு.”

“வழக்கம்போலதானே?”

“வழக்கம்போலதான்.”

“சரி,” என்று சொல்லிவிட்டு, கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினாள்.